கடைக்காரர் இல்லாத கடை தேறுமா? நான்கு காசுப் பெட்டிகள் பற்றிய மதிப்புரை

மனிதன் பிறவியிலேயே கெட்டவனா, இல்லை ஊரும் உலகமும் சேர்ந்து அவனைக் கெடுக்கிறதா என்று பட்டிமன்றம் வைத்தால் விடிய விடியப் பேசலாம். இந்தக் கேள்விக்குத் தினமும் சாயங்காலம் ரூபாய்க் கணக்கில் பதில் சொல்கிற இடம் ஒன்று உண்டு. அது கடைக்காரர் இல்லாத கடை. பொருள் இருக்கும், விலை எழுதியிருக்கும், காசு போட ஒரு பெட்டி இருக்கும். கல்லாவில் மட்டும் ஆள் இருக்க மாட்டார். கடையை மூடும்போது பெட்டியைத் திறந்து எண்ணினால், அன்றைக்கு அந்த வழியாகப் போனவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது தெரிந்துவிடும்.

இங்கே பார்க்கப்போவது நான்கு ஏற்பாடுகளை: மிசோரத்தின் செலிங் சாலையோரக் கடைகள், ஜப்பானின் வயலோரக் காய்கறிப் பந்தல்கள், அதே ஜப்பானில் நகரத்துக்கு வந்துவிட்ட கியோசா (பூரணம் வைத்த ஜப்பானியக் கொழுக்கட்டை) கடைகள், அமெரிக்காவின் வாஷிங்டன் வட்டார அலுவலகங்களில் வைக்கப்பட்ட பேகல் (வட்ட ரொட்டி) பெட்டி. நம் ஊரில் ஒன்று வைக்க நினைப்பவர்களுக்கு, பெட்டியின் அளவு முதல் கணக்கு வரை பின்பாதியில் இருக்கிறது.

செலிங்: நான்கிலும் இதற்குத்தான் முதலிடம்

மிசோரத் தலைநகர் ஐஸாலில் இருந்து கிழக்கே சம்பாய் நோக்கிப் போகிற நெடுஞ்சாலையில் செலிங் வருகிறது. தெற்கே லுங்லேய்க்குப் போகும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. அதனால் உள்ளூர்க்காரர்கள் மட்டும் அல்ல, வாடகை சுமோக்களில் வருகிறவர்கள், லாரிக்காரர்கள், சுற்றுலா வந்தவர்கள் என்று முன்பின் தெரியாதவர்களும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். சாலையோரம் மூங்கில் கால் நட்டு, மூங்கில் தட்டி கட்டி, மேலே கூரை போட்ட சின்னச் சின்னக் குடில்கள். உள்ளே கீரைக்கட்டு, காய்கறி, பழம், பாட்டிலில் பழச்சாறு, சிறு கருவாடு, சில இடங்களில் நத்தைகூட இருக்கும். விலையை ஒரு பலகையிலோ அட்டையிலோ கரியாலோ சாக்பீஸாலோ எழுதியிருப்பார்கள். பக்கத்தில் ஒரு டப்பா. பெயர் ‘பொய்ஸா போம்’, அதாவது காசுப் பெட்டி. நம் பைசாதான் அங்கே பொய்ஸா ஆகியிருக்கிறது. வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் போட வேண்டும். மீதிச் சில்லறை வேண்டுமானால் அதே டப்பாவில் இருந்து நாமே எடுத்துக்கொள்ளலாம்.

மிசோ மொழியில் இந்தக் கடைக்கு ‘ங்ஹா லோ டோர்’ என்று பெயர். டோர் என்றால் கடை. ங்ஹா லோ என்றால் காவல் இல்லாதது. காவலில்லாக் கடை.

இதைப் பார்த்ததும் “மலைமக்கள் வெள்ளந்திகள், அவர்கள் பிறவியே அப்படி” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அது பாராட்டு மாதிரி தெரியலாம். ஆனால் அந்த மக்கள் போட்ட கணக்கையும் உழைப்பையும் மறைத்துவிடுகிறது. இந்தக் கடை வந்ததற்குக் காரணம் விவசாயம். மலைச்சரிவில் காட்டை வெட்டிக் காயவைத்து, மார்ச் வாக்கில் எரித்து, மழைக்கு முன் விதைத்து, பிறகு மாதக்கணக்கில் களை எடுக்கிற சாகுபடி அது. வீட்டில் எத்தனை கை இருந்தாலும் அத்தனையும் வயலில் வேண்டும். கடையில் ஓர் ஆளை உட்கார வைக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குடிலில் நாளைக்கு 600 ரூபாய்க்கு விற்கிறது, ஒருவருடைய நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆள் வைத்தால் மிஞ்சுவது 200. ஆள் இல்லாமல் பத்தில் ஒரு பங்கு காசு வராமல் போனாலும் இழப்பு 60தான், கையில் 540 நிற்கும். பாதிப் பேர் காசு போடாமல் போனால்கூட 300 மிஞ்சும். அதுவே ஆள் வைப்பதைவிட லாபம். ஆக, நம்பிக்கை வைப்பதற்கு மனிதர்கள் எல்லாரும் உத்தமர்களாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலானவர்கள் சுமாராக நடந்துகொண்டாலே போதும். அதற்கு மேல் அவர்கள் காட்டுகிற நேர்மையெல்லாம் உபரி.

விற்கிற பொருளைக் கவனியுங்கள். பெரும்பாலும் சொந்த வயலில் விளைந்தவை, எடை போடாமல் கூறு கட்டி வைத்தவை. மொத்தக் கடையில் வாங்கி வந்த சோப்பும் பிஸ்கட்டும் கிடையாது. வாங்கி விற்கும் பொருளில் லாபம் நூற்றுக்கு 8, 10 என்று இருந்தால், 10 சதவீதக் காசு வராமல் போனாலே கடை படுத்துவிடும். வயலில் பறித்த பூசணிக்கு அந்தப் பிரச்சினை இல்லை. விற்காமல் கிடந்தால் எப்படியும் அழுகத்தான் போகிறது. செலிங்கைப் பார்த்து ஆசைப்பட்டு வேறு இடங்களில் இப்படிக் கடை திறப்பவர்கள் முதலில் கோட்டைவிடுவது இங்கேதான்.

சரி, சமூகத்தின் பங்கு என்ன? மிசோ மக்களிடம் ‘த்லோம்ங்ஐஹ்னா’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. தன்னை முன்னால் நிறுத்தாமல், யாரும் கேட்காமலே அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்பது அதன் சாரம். பேச்சோடு நிற்காமல் அன்றாடம் கை பழக வேண்டிய வேலையாக அதை வைத்திருக்கிறார்கள். 1935-இல் தொடங்கிய இளைஞர் சங்கம், இன்றைய யங் மிசோ அசோசியேஷன், ஊரில் சாவு விழுந்தால் குழி தோண்டப் போகும். காட்டில் யாராவது காணாமல் போனால் தேடப் போகும். அதைவிட நெருக்கமான பழக்கம் சமையலறையில் இருக்கிறது. 1910-இல் தேவாலயப் பெண்கள் தொடங்கிய ‘புஃபாய் தாம்’. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். நம் ஊரில் பிடி அரிசித் திட்டம் என்று சொல்கிறோமே, அதே யோசனைதான். அந்தப் பிடி சின்னதா பெரியதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை, போட மறந்தாலும் கேட்க ஆள் இல்லை. அம்மா அளக்காத அரிசியைத் தினமும் அந்தப் பானையில் போடுவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, பூட்டில்லாத காசு டப்பா ஓர் அதிசயமாகத் தெரியாது.

ஆனால் இந்த விளக்கமும் முழுசாகப் போதாது. செலிங்கில் வண்டி நிறுத்திக் காசு போடுகிற வெளியூர்க்காரர் அந்தச் சமையலறையில் வளரவில்லை. அவரும் போடுகிறார் என்றால், ஏற்கெனவே காசு கிடக்கிற டப்பா, கையால் எழுதிய விலை, கட்டி வைத்த கீரை எல்லாம் சேர்ந்து ‘இங்கே இப்படித்தான்’ என்று சொல்லிவிடுகின்றன. எந்த ஊரில் வளர்ந்தவரும் அந்தச் சொல்லுக்கு இணங்குகிறார். இணங்குகிற அந்தத் தன்மை பிறவியில் வந்தது என்றே சொல்லலாம்; எதற்கு இணங்குவது என்பதைத்தான் இடம் முடிவு செய்கிறது.

குறைகளும் உண்டு. எழுத்து ரோமன் எழுத்துதான் என்றாலும் மொழி மிசோ. விலை எண் புரியும், பொருள் என்ன என்பது வெளியூர்க்காரருக்குப் புரியாது. கேட்க ஆள் இல்லை. 500 ரூபாய்த் தாளோடு காலை முதல் ஆளாகப் போனால் டப்பாவில் சில்லறை இருக்காது. அந்தப் பக்கம் போகிறவர்கள் 10, 20 ரூபாய்த் தாள்கள் ஒரு கட்டு மாற்றி வைத்துக்கொண்டு போவது நல்லது. பேரம் பேசக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஜப்பானின் 100 யென் பந்தல்

‘முஜின் ஹன்பாய்’, ஆளில்லா விற்பனை. வயலோரம் தகரக் கூரை போட்ட ஒரு தட்டு; அதில் பையில் போட்ட வெள்ளரிக்காய், முள்ளங்கி, வெங்காயம்; பக்கத்தில் துளை போட்ட தகர டப்பாவோ குழாயோ சங்கிலியில் கட்டியிருக்கும். இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் முழுவதும் விலையில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு பை 100 யென், ஒரே ஒரு நாணயம். விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் விலையைத் தொடுவதில்லை. பைக்குள் நாலு வெள்ளரி போட்ட இடத்தில் மூன்று போடுவார்கள். சில்லறைப் பிரச்சினை என்பதே எழாது. ‘சில்லறை இல்லை, நாளைக்குப் போட்டுக்கலாம்’ என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் சாக்கும் எழாது. காசு வராமல் போவதில் பெரிய பங்கு இந்தச் சாக்குதான், திருட்டு அல்ல என்பது என் கணிப்பு.

சில இடங்களில் பந்தலுக்குப் பதிலாக லாக்கர் வைத்திருக்கிறார்கள். நாணயம் போட்டால்தான் கண்ணாடிக் கதவு திறக்கும். ஸ்ட்ராபெரி போல விலை கூடிய பொருளுக்கு அது சரி. ஆனால் அதை நம்பிக்கைக் கடை என்று சொல்ல முடியாது, அது ஒரு விற்பனை இயந்திரம்.

கியோசா கடைகள்

‘கியோசா நோ யுகிமட்சு’ என்ற நிறுவனம் வயலோரப் பந்தலின் யோசனையை நகரத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே உறைபெட்டிகள், உறைய வைத்த கியோசா, ஒரு காசுப் பெட்டி. கோவில் உண்டியலை நினைவூட்டுகிற பெட்டி அது. 36 கியோசா 1000 யென், ஒரே தாள். இங்கும் ஒற்றை விலைதான் முதுகெலும்பு. 24 மணி நேரமும் திறந்திருக்கும், மீதிச் சில்லறை தர மாட்டார்கள். தொட்டுக்கொள்ளும் சாஸ் தனியாக 200 யென் என்று வைத்ததில்தான் ஒற்றைத் தாள் ஒழுங்கு கலைகிறது. 1200 யென்னுக்குக் கையில் சரியான காசு இல்லாதவர் சாஸை விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். வைக்கிற பொருள்களின் விலையெல்லாம் ஒரே தாளின் மடங்காக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இந்தப் பாணியைப் பார்த்து ஜப்பானில் ஆளில்லாக் கடைகள் பல முளைத்தன. திருட்டு வழக்குகளும் செய்தியாயின. நாடு ஒன்றுதான், மக்களும் அதே மக்கள்தான். பின் ஏன் இந்த வித்தியாசம்? வயலோரப் பந்தலில் வாங்குகிறவருக்கு எதிரே வயல் தெரிகிறது. அதில் குனிந்து வேலை செய்கிற முதியவர் தெரிகிறார். 100 யென்னை ஏமாற்றினால் யாரை ஏமாற்றுகிறோம் என்பதும் தெரிகிறது. நகரத்துக் கடையில் உறைபெட்டி மட்டும்தான் தெரிகிறது. மேலே கேமரா வேறு. ‘உன்னை நம்பவில்லை’ என்று கேமரா சொல்கிறது, ‘உன்னை நம்புகிறோம்’ என்று பெட்டி சொல்கிறது. இரண்டும் ஒரே அறையில் இருந்தால் இரண்டின் வலுவும் குறையும் என்பது என் கணிப்பு.

பேகல் பெட்டி: கணக்குள்ள கடை

பால் ஃபெல்ட்மேன் 1984-இல் ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டு, வாஷிங்டன் வட்டார அலுவலகங்களுக்கு பேகல் என்ற வட்ட ரொட்டி கொண்டுபோய் வைக்கத் தொடங்கினார். காலையில் ரொட்டியையும் காசுப் பெட்டியையும் வைத்துவிட்டுப் போவார். மதியச் சாப்பாட்டுக்கு முன் வந்து காசையும் மிச்சத்தையும் எடுத்துக்கொள்வார். ஒரு கட்டத்தில் 140 நிறுவனங்கள், வாரத்துக்கு 8,400 ரொட்டி. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்திலும் எத்தனை போனது, எவ்வளவு காசு வந்தது என்று ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். பொருளாதார அறிஞர்கள் பிற்பாடு அந்தக் கணக்கை ஆராய்ந்தார்கள். மனித இயல்பைப் பற்றி எழுதப்பட்ட தத்துவங்களுக்கு நடுவே இந்தக் கணக்கு நோட்டுக்கும் மதிப்பான இடம் கொடுக்க வேண்டும்.

முதலில் பெட்டியின் கதை. தொடக்கத்தில் அவர் வைத்தது திறந்த கூடை. காசு காணாமல் போனது. அடுத்து மூடியில் துளை போட்ட காபி டப்பா. அதுவும் கையைக் கூசச் செய்யவில்லை. கடைசியில் மேலே துளையிட்ட ஒட்டுப்பலகைப் பெட்டி செய்தார். அதில்தான் நிலைத்தது. ஆண்டுக்குச் சுமார் 7,000 தடவை பெட்டி வைத்தால், திருடு போவது சராசரியாக ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த அலுவலகங்களில் சுமார் பத்தில் ஒருவர் ரொட்டியை எடுத்துக்கொண்டு காசு போடாமல் போகிறார். பெட்டியையோ கிட்டத்தட்ட யாருமே தொடுவதில்லை. அந்தப் பெட்டியைத் தூக்குவது ஒன்றும் பெரிய பாடு இல்லை. பிறவியிலேயே கெட்டவர்கள் என்றால், ஒரு ரொட்டியோடு நிற்க என்ன காரணம்? ரொட்டிக்குக் காசு போடாதவர் தன்னைத் திருடனாக நினைப்பதில்லை. ‘அப்புறம் போடுவோம்’ என்று நினைக்கிறார். பெட்டியைத் தூக்கினால் அப்படி நினைக்க முடியாது. பெரும்பாலான மனிதர்கள் தங்கள் கண்ணில் தாங்களே திருடராகத் தெரியாத எல்லைக்குள்தான் தவறு செய்கிறார்கள்.

2019-இல் வெளியான தொலைந்த பணப்பை ஆய்விலும் இதுவேதான் தெரிந்தது. 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,303 பணப்பைகளை அலுவலக வரவேற்பு மேசைகளில் ‘கிடந்தது’ என்று கொடுத்துவிட்டு வந்தார்கள். காசு இல்லாத பையின் உரிமையாளரைத் தொடர்புகொள்ள முயன்றவர்கள் 40 சதவீதம். உள்ளே 13 டாலர் சொச்சம் இருந்தபோது 51 சதவீதம். மூன்று நாடுகளில் 94 டாலர் சொச்சம் வைத்துப் பார்த்தபோது 72 சதவீதம் ஆனது. காசு கூடக் கூட ஆசை கூடும் என்று எதிர்பார்த்தவர்கள் கணக்கு பொய்த்தது. பெரிய தொகையை வைத்துக்கொண்டால் ‘மறந்துவிட்டேன்’ என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது.

ஃபெல்ட்மேனின் எண்களில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1992-இல் 91 சதவீதமாக இருந்த செலுத்தும் விகிதம் 2001 வாக்கில் 87-க்கு மெல்ல இறங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சட்டென்று 2 சதவீதம் ஏறியது. சில டஜன் பேர் வேலை செய்யும் சிறிய அலுவலகம், சில நூறு பேர் இருக்கும் அலுவலகத்தைவிட 3 முதல் 5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் குறைந்தது. பெரும்பாலும் அதே கட்டடம், அதே ஆட்கள், பிறவியும் அதே பிறவிதான். ஆனாலும் விகிதம் ஏறி இறங்குகிறது. இதற்குப் பிறவிக் குணத்தைக் காரணம் சொல்லவே முடியாது. அதே சமயம், எவ்வளவு மோசமான வாரத்திலும் பெருவாரியானவர்கள் யாரும் பார்க்காமலே காசு போட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

90-க்கு மேல் வந்தால் நேர்மையான அலுவலகம், 80-க்கும் 90-க்கும் நடுவே எரிச்சல் தரும் ஆனால் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஃபெல்ட்மேன் வைத்திருந்த அளவுகோல் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது.

கூட வைக்கும் சாமான்கள்: எது வேண்டும், எது வேண்டாம்

கண் படம். 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஒரு காபி அறையில் 10 வாரம் ஒரு சோதனை செய்தார்கள். டீ 30 பென்ஸ், காபி 50, பால் 10, நம்பிக்கைப் பெட்டி. விலைப்பட்டியலுக்கு மேலே ஒரு வாரம் பூப்படம், மறு வாரம் பார்க்கிற கண்களின் படம். கண் வாரங்களில் 2.76 மடங்கு காசு சேர்ந்தது. இந்த எண் ஊரெல்லாம் பரவி, கண் படம் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது 48 பேர் புழங்கிய ஒரே ஒரு அறை. பின்னால் வந்த பல சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் பார்த்தபோது, கண் படம் மனிதரைத் தாராளமாக்குவதாகத் தெரியவில்லை. படம் ஒட்டுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை; அதை நம்பிக் கடை வைக்காதீர்கள்.

அபராதப் பலகை. இது கூடவே கூடாது. இஸ்ரேலின் ஹைஃபாவில் 10 குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் 6-இல் பிள்ளையைத் தாமதமாக அழைத்துப்போகும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். முடிவுகள் 2000-இல் வெளிவந்தன. தாமதம் குறையவில்லை, ஏறக்குறைய இரட்டிப்பானது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. முன்பு ‘ஆசிரியரைக் காக்க வைக்கிறோமே’ என்று கூசியவர்கள், இப்போது காசு கொடுத்துத் தாமதத்தை வாங்கிக்கொண்டார்கள். ‘காசு போடாவிட்டால் 500 ரூபாய் அபராதம்’ என்று கடையில் எழுதினால் நடப்பதும் இதுதான். கூச்சத்துக்கு விலை போட்டுவிட்டால் கூச்சம் போய்விடும்.

பரிசு. பள்ளிகளில் நேர்மைக் கடை வைக்கும் ஆசிரியர்களுக்கு இது முக்கியம். 18 மாதக் குழந்தைகள்கூட, பெரியவர் கைதவறிக் கீழே போட்ட துணிக் கிளிப்பை யாரும் சொல்லாமலே எடுத்துக் கொடுக்கும் என்று 2006-இல் காட்டினார்கள். அடுத்து 2008-இல் 20 மாதக் குழந்தைகளை எடுத்து, உதவும்போதெல்லாம் சிலருக்குப் பொம்மை பரிசு கொடுத்தார்கள். பரிசை நிறுத்தியதும் அந்தக் குழந்தைகள் உதவுவது மற்றக் குழந்தைகளைவிடக் குறைந்தது. நல்ல குணத்தின் விதை ஏதோ பிறவியிலேயே இருக்கிறது; நாம் ஊற்றுகிற தண்ணீர் தவறாக இருந்தால் அது வாடுகிறது. ‘இந்த வாரத்தின் நேர்மையான வகுப்பு’ என்று கோப்பை கொடுப்பதைவிட, வந்த காசு எவ்வளவு, குறைந்தது எவ்வளவு என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பது மேல்.

நம் ஊரில் வைப்பதானால்

பெட்டி: 12 மி.மீ. ஒட்டுப்பலகை, நீளம் ஓர் அடி, உயரம் முக்கால் அடி போதும். துளையின் அளவைத் தாளின் அளவை வைத்து முடிவு செய்ய வேண்டும். 10 ரூபாய்த் தாளின் அகலம் 63 மி.மீ., 500 ரூபாய்த் தாளின் அகலம் 66 மி.மீ.; 10 ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மி.மீ. எனவே 80 மி.மீ. நீளம், 8 மி.மீ. அகலத்தில் துளை போட்டால் தாள், நாணயம் இரண்டும் தடங்கல் இல்லாமல் விழும். துளை சின்னதாக இருந்து தாள் மடங்கிச் சிக்கினால், அடுத்தவர் இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுக் காசோடு போய்விடுவார். துளைக்கு நேர் கீழே, உட்புறம், ஒரு தகரத்தைச் சாய்வாக அடித்துவிடுங்கள். பசை தடவிய குச்சியை விட்டுத் தாளை எடுக்கும் வேலை நடக்காது. பெட்டியை மேசையோடு உள்பக்கமிருந்து போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

காலையில் பெட்டியை முழுக் காலியாக வைக்காதீர்கள். முன்பக்கம் ஒரு சின்னக் கண்ணாடி வைத்து, உள்ளே இரண்டு மூன்று 20 ரூபாய்த் தாள் தெரிகிற மாதிரி போட்டு வையுங்கள். காலிப் பெட்டியைப் பார்த்தால் ‘யாருமே போடவில்லை போல’ என்று தோன்றும். நிறையவும் சேரவிடக் கூடாது. மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை, தினமும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும்.

விலை: எல்லாமே 20 ரூபாய், அல்லது 20-இன் மடங்கு. 15, 35 என்று வைத்தால் சில்லறை இல்லாதவர் கீழ்ப்பக்கமாகத்தான் முழுசாக்குவார். 18 ரூபாய்ப் பொருளை 20 ஆக்கக் கூச்சமாக இருந்தால், அளவைக் கூட்டி 20 ஆக்குங்கள். 10 ரூபாய் நாணயமும் தாளுமாக 100 ரூபாய்க்குச் சில்லறையை ஒரு திறந்த தட்டில் வையுங்கள். அது எடுபட்டுப் போகுமே என்று பயமாக இருக்கும். போனால் 100 ரூபாய். சில்லறை இல்லாமல் தினமும் குறைவது அதைவிடக் கூடுதலாக இருக்கும். பக்கத்தில் ஒரு நோட்டு, நூலில் கட்டிய பென்சில்: ‘பாக்கி’ என்று தலைப்பு. பெயர் வேண்டாம், தொகை மட்டும் எழுதினால் போதும். கொடுத்ததும் அவரே அடித்துவிடுவார். ‘அப்புறம் போடுவோம்’ என்பது காற்றோடு போகாமல் அவர் கையெழுத்திலேயே நிற்கும்.

கியூஆர் கோடு வைக்கலாம். சில்லறைப் பிரச்சினை பாதி தீரும். ஆனால் ஆள் இல்லாத இடத்தில் அதன் மேலேயே வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் மோசடி எளிது. அட்டையைக் கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டி, ‘ஸ்கேன் செய்ததும் இந்தப் பெயர் வர வேண்டும்’ என்று பெயரையும் பெரிதாக எழுதுங்கள். ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டியை நான் பரிந்துரைப்பேன். கேமராவைப் போல அது சந்தேகப்படுவதில்லை. அடுத்து நிற்பவர் காதில், இங்கே எல்லாரும் கொடுக்கிறார்கள் என்ற சேதியைப் போடுகிறது.

பொருள் யாருடையது என்று தெரிய வேண்டும். ‘மகளிர் குழு தயாரிப்பு’ என்று மொட்டையாக எழுதுவதைவிட, ‘இந்த முறுக்கு நேற்று இரவு சுட்டது, வரும் காசில் பாதி எண்ணெய்க்கும் மாவுக்கும் போகும்’ என்று எழுதினால், காசுப் பெட்டிக்குப் பின்னால் ஒரு அடுப்பும் ஓர் ஆளும் தெரிகிறார்கள். செலிங்கின் கரி எழுத்துக்கும் ஜப்பானிய வயலுக்கும் இருக்கிற பலம் இதுதான்.

கணக்குப் பார்க்கும் முறை

வைத்தது 40 பாக்கெட், மிச்சம் 6, போனது 34. வர வேண்டியது 680 ரூபாய். வந்தது 620. விகிதம் 91 சதவீதம், நல்ல கடை. ஒரு நாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திங்களைத் திங்களோடும் வெள்ளியை வெள்ளியோடும் ஒப்பிட்டு நான்கு வாரம் பாருங்கள்.

குறைந்த தொகை எவ்வளவு என்பதைவிட, அது எந்த உருவத்தில் இருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். எல்லாம் 20 ரூபாய்ப் பொருளாக இருந்து, குறைவது 5, 10 என்று உதிரியாக இருந்தால் அது சில்லறைத் தட்டுப்பாடு. தட்டில் நாணயம் கூட்டுங்கள். 20, 40, 60 என்று பொருளுக்குப் பொருள் முழு விலையும் வராமல் இருந்தால் மறதியோ சாக்கோ. பெட்டியைப் பொருளுக்குப் பக்கத்தில், வெளியே போகிற வழியில் நகர்த்துங்கள், பாக்கி நோட்டைக் கண்ணில் படும்படி வையுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பாக்கெட் மொத்தமாகப் போயிருந்தால்தான் அது திருட்டு. அது ஓர் ஆளின் வேலை, நூறு பேரின் குணம் அல்ல. அதற்காக நூறு பேர் தலைக்கு மேலே கேமரா மாட்ட வேண்டியதில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் கடையை மூடிவைத்தால் போதும்.

நான்கு வாரமும் 80-க்குக் கீழேயே நின்றால் மாற்ற வேண்டிய வரிசை: முதலில் விலை, அடுத்து சில்லறை, அடுத்து பெட்டி இருக்கும் இடம், அதற்கும் அடுத்து பொருள். வாங்கி விற்கும் பாக்கெட் சாமான்களை எடுத்துவிட்டு, வீட்டில் செய்ததும் தோட்டத்தில் விளைந்ததுமாக மாற்றுங்கள். அத்தனையும் செய்து இன்னொரு மாதம் பார்த்தும் ஏறவில்லை என்றால், 300 பேர் கடந்து போகும் வாசலில் இருந்து 30 பேர் புழங்கும் மாடிக்குக் கடையைக் கொண்டுபோங்கள். அங்கேயும் அதே பெட்டி, அதே விலைப் பலகை.